பாலத்தடித் திருவிருந்து

"இன்னைக்கு நீங்க எந்திரிச்சு வரலைன்னா, நான் கோயில்ல இருந்தே செம்பூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்! சொல்லிட்டேன் அத்தே... பெறவு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது!"

பிரேமலதாவின் குரல் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். தாராவி லேபர் கேம்ப்பில் பக்கத்து வீட்டுக்காரி தும்மினாலே இந்த வீட்டுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலை வேறு, ஒருவர்கூட வேலைக்குப் போயிருக்க மாட்டார்கள். ஞானப்பூ கோயிலுக்கென்று கட்டியிருந்த வெள்ளைச் சேலையின் மடிப்பை மறுபடி மறுபடி நீவிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒங்களுக்கு என்ன கொற வச்சேன்? சோறு போடலையா? ஏச்சு ஏசினேனா? மாசாமாசம் மொத ஞாயிறு வந்தா எனக்குக் கோயிலுக்கு வரவே பயமா இருக்கு. நான் பந்திக்கு எந்திரிச்சுப் போறேன், நீங்க பெஞ்சிலேயே உக்காந்திருக்கிய. அத்தன பொம்பளைகளும் ஒங்களப் பாக்கல, என்னைத்தான் பாக்காளுவ!"

"நீ ஒரு கொறையும் வைக்கல தாயி."

"அப்ப ஏன்? அதச் சொல்லுங்க!"

ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள். நாலு வருஷமாக இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவள் இப்படித்தான் குனிந்துகொள்வாள். குனிந்த அந்தத் தலையைப் பார்த்தாலே பிரேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டிவிடலாம். பேசாமலிருக்கிற மாமியாரை என்ன செய்ய முடியும்?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து குடியேறிய அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. மனத்தாங்கலோடு யாரும் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்க மாட்டார்கள். சண்டை என்றால் முதலில் சமாதானம், பிறகுதான் பந்தி. போதகர் அழைக்கும்போது யார் எழுந்திருக்கவில்லை என்பதை எல்லாக் கண்களும் முக்காட்டுக்குள்ளிருந்தபடியே பார்த்துவிடும். ஒருவரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் காரணத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே வீட்டில் மருமகள் எழுந்து போகிறாள், மாமியார் போகவில்லை. வேறென்ன காரணம் இருக்க முடியும்? மகராசி மாமியாரை என்ன பாடு படுத்துகிறாளோ!

உண்மையான காரணத்தின் பெயர் செல்வின். ஞானப்பூவின் மூத்த மகன்.

தாராவியில் தம்பி ஆசீரோடு தோல் பைப் பட்டறை நடத்தியவன்தான் அவனும். அவனுக்குப் பவுடர் என்கிற போதைப் பழக்கம் வந்தது. பட்டறையில் இருந்த மெஷின் போனது, வீட்டிலிருந்த பாத்திரம் போனது. ஆசீரின் கல்யாணத்துக்கு முந்தின நாள், பிரேமலதாவுக்குச் செய்து வைத்திருந்த சிலுவைத் தாலியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போதகரின் மனைவி தன் கழுத்துத் தாலியைக் கழற்றிக் கொடுத்து, அந்த இரவல் தாலியில்தான் கல்யாணம் நடந்தது. மூன்றாம் நாள் குழி விழுந்த கண்களோடு வாசலில் வந்து நின்றவனை ஆசீர் அடித்துத் தெருவில் தள்ளினான். அதோடு விடவில்லை. வேதப்புத்தகத்தை எடுத்துவந்து தாயின் முன்னால் நீட்டினான்.

"இதுல கை வைங்க. இனிமே அவன் பேரு ஒங்க வாயில இருந்து இந்த வீட்ல வரக் கூடாது. வந்துச்சுன்னா, நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிடுங்க!"

ஞானப்பூ கையை வைத்தாள். புருஷனை இழந்தவள், மிச்சமிருந்த ஒரு பிள்ளையையும் இழக்க முடியுமா?

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று போதகர் எல்லாரையும் பந்திக்கு அழைத்தபோது அவளுக்குக் கால் எழும்பவில்லை. என் பிள்ளை எந்த ஃபுட்பாத்தில் எச்சில் பொறுக்கிக்கொண்டிருக்கிறானோ! நான் மட்டும் வெள்ளை கட்டிக்கொண்டு போய் ஆண்டவருடைய மேசையில் உட்காருவேனா? உட்கார்ந்த இடத்திலேயே பொருத்தனை பண்ணிக்கொண்டாள். 'என் செல்வின் என் பக்கத்துல முழங்கால் போடுத அன்னைக்குத்தான் ஆண்டவரே, நானும் இத வாயில வாங்குவேன்.'

அங்கே ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு, இங்கே ஆசீருக்குக் கொடுத்த வாக்கு. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுப் பெயர் கெட்டுப் போனவள் ஒரு பாவமும் செய்யாத பிரேமலதா. ஞானப்பூவுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்து என்ன! அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு வலித்தது.

அன்றும் அப்படியே நடந்தது. போதகர் அழைத்தார். வரிசை வரிசையாக எழுந்தார்கள். பிரேமலதா எழுந்து, மாமியாரைப் பார்த்து, கெஞ்சுகிற மாதிரிக் கையை நீட்டினாள். ஞானப்பூ தலையை அசைத்தாள். நீட்டிய கை அப்படியே நிற்க, சபையே திரும்பிப் பார்த்தது. பிரேமலதா பந்திக்கும் போகவில்லை, பெஞ்சிலும் உட்காரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

வாசலில் ஆசீர் தாயைப் பிடித்துக்கொண்டான்.

"சந்தோஷமா? பூரா சபைக்கும் முன்னால எம் பொண்டாட்டி மானத்த வாங்கிட்டியல்லா! கோட்டி புடிச்சிருக்கா ஒங்களுக்கு? அவ போயிட்டா! டேக்ஸி புடிச்சி போயிட்டா! இனிமே நீங்களே வீட்ட கட்டிக்கிட்டு அழுங்க!"

"ஆசீர்... ராசா..."

"பேசாதிய! நாலு வருஷமா பேசாதவிய, இப்ப மட்டும் என்ன பேச்சு!"

அவன் விறுவிறுவென்று நடந்துவிட்டான். ஞானப்பூ வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய், காலையிலேயே கட்டி வைத்திருந்த சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா பக்கம் நடந்தாள். நடக்க நடக்க அழுதுகொண்டே போனாள். பம்பாயில் தெருவில் அழுகிறவளை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு வசதி இந்த ஊரில் உண்டு.

மாட்டுங்காவின் பெரிய பாலத்தடியில் இருபுறமும் வண்டி ஓடும், நடுவில் மனிதர்கள் வாழ்வார்கள். தார்ப்பாய், கந்தல், மூன்று கல் அடுப்பு. ஞாயிறு மதியம் தன் கடையை அடைத்துவிட்டு சுனாபட்டியிலிருந்து வெயிலுமுத்து வருவார். பஞ்சர் ஒட்டுகிறவர். ஒரு காலத்தில் குடித்துவிட்டு இதே பாலத்தடியில் கிடந்தவர்தான். ஆண்டவர் தன்னைத் தூக்கிவிட்டார் என்று சொல்வார், ஆனால் பெரிதாகப் பிரசங்கமெல்லாம் பண்ண மாட்டார். ஒரு சாக்கை விரித்து உட்காருவார். கூப்பிட்டால் நாலைந்து பேர் வருவார்கள். முன்பு இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். ஒருவன் ரயிலில் அடிபட்டுச் செத்தான், இரண்டு பேர் பழையபடி பவுடருக்கே போய்விட்டார்கள். பாலத்தடியில் ஊழியம் என்றால் அப்படித்தான். இன்றைக்கு அழுது ஜெபித்தவன் நாளைக்கு இருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது.

அங்கேதான் போன வருஷம் ஞானப்பூ தன் மகனைக் கண்டுபிடித்தாள். எலும்பும் தோலுமாக, ஆனால் கண் தெளிந்து இருந்தான். இரண்டு தடவை விழுந்து, மூன்றாவது தடவை எழுந்தவன். பாலத்தடி ஆட்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் வேதம் வாசிக்கிற வேலை அவனுடையது. இன்னொரு வேலையை அவனே எடுத்துக்கொண்டான். மாட்டுங்கா மெஸ் ஒன்றில் சமையல் பார்த்து, கடைசியில் யாருமில்லாமல் தெருவுக்கு வந்த சந்திரமௌலி என்கிற கிழவருக்குக் காலில் ஆறாத புண். தினம் காலையில் அதைக் கழுவிக் கட்டுப் போடுவான். நாற்றத்துக்கு யாரும் கிட்டே போக மாட்டார்கள். தாலியைத் திருடிய அதே கையா இது என்று ஞானப்பூ பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அன்று செல்வின் வாசித்துக்கொண்டிருந்தான். இருமல் வந்து நிறுத்தினான், மறுபடி தொடர்ந்தான். வாசிப்பு முடிந்ததும் வெயிலுமுத்து ஒரு பாவ் ரொட்டியை எடுத்து ஜெபம் பண்ணிப் பிய்த்துத் தட்டில் வைத்துச் சுற்றிவிட்டார். ஆளாளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். செல்வினிடம் வந்தபோது அவன் தட்டை வாங்கி அப்படியே பக்கத்தில் கொடுத்தான். ஞானப்பூவும் வாங்கிப் பக்கத்தில் கொடுத்தாள்.

"அத்தே..."

ஞானப்பூ திடுக்கிட்டுத் திரும்பினாள். தோளில் துணிப்பையோடு பிரேமலதா நின்றுகொண்டிருந்தாள். துணிப்பையை எடுக்க வீட்டுக்குத் திரும்பி வந்து போகும்போது, டேக்ஸியிலிருந்து மாமியாரைப் பார்த்துவிட்டு, என்னைப் பற்றி எந்த வீட்டில் போய்ப் புறம்பேசப் போகிறாள் என்ற ஆத்திரத்தில் இறங்கிப் பின்னாலேயே வந்தவள். அவள் பார்வை தாண்டிப் போய் செல்வின் மேல் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை பார்த்த முகம். ஆனாலும் அடையாளம் தெரிந்துவிட்டது.

செல்வின் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு கையையும் கூப்பினான்.

"பிரேமா... ஒன் தாலி... மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்ல தாயி."

பிரேமலதா ரொட்டித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசு வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ரொட்டிய ஏன் நீங்க வாங்கல?"

"நம்ம சபை வழக்கம் ஒனக்குத் தெரியாதா? மனத்தாங்கல் இருந்தா பந்தி கெடயாதுல்லா. ஆசீரு என்னை மன்னிக்கட்டும். அவன் வந்து சரின்னு ஒரு வார்த்த சொன்னா, அன்னைக்கு வாங்கிக்கிடுவேன்."

பிரேமலதா மாமியாரைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மறுபடி மாமியாரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அதுக்குத்தானா அத்தே? இவியளுக்காகத்தானா? நாலு வருஷமா... ஐயோ, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா!"

"வேதப்புத்தகத்துல கை வச்சிருக்கேன் தாயி... எப்படிச் சொல்லுவேன்?"

"நான் ஒங்கள எப்படியெல்லாம் ஏசிருக்கேன்! மனசுக்குள்ள சபிச்சிருக்கேன் அத்தே! என்னைய கொன்னு போடுங்க!" என்று கதறியபடி ஞானப்பூவின் தோளில் விழுந்தாள். போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிரேமலதா மூக்கைத் துடைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து தன் கையாலேயே செல்வினிடம் நீட்டினாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவனுக்கு இருமல் வந்தது. வாயைத் துடைத்த துணியில் ரத்தம் இருந்தது.

அன்றே வெயிலுமுத்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நெஞ்சு இரண்டு பக்கமும் கெட்டுப் போயிருக்கிறது, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

சாயங்காலம் பிரேமலதா செம்பூருக்குப் போகாமல் வீட்டுக்குத்தான் வந்தாள். ஆசீர் வீடு திரும்பும்வரை காத்திருந்தாள்.

"செல்வின் ஆஸ்பத்திரில கெடக்காவ."

ஆசீரின் முகம் கறுத்தது. "அந்தப் பேர இந்த வீட்ல..."

"சொல்லுவேன்! சத்தியம் பண்ணுனது அத்த, நான் இல்ல. செல்வின்! செல்வின்! நூறு தடவ சொல்லுவேன்! ஒங்க அண்ணன் சாவக் கெடக்காவ. ஒங்க வாயில இருந்து ஒரு வார்த்த வரணும்னு காத்துக் கெடக்காவ!"

"அவன் செஞ்சது ஒனக்கு மறந்து போச்சா? இரவல் தாலி கட்டி..."

"இரவல் தாலி ஏறுனது யார் கழுத்துல? எங் கழுத்துல! எனக்கே இல்லாத கோவம் ஒங்களுக்கு என்னத்துக்கு?"

ஆசீர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஞானப்பூ அவன் காலில் விழப் போனாள். அவன் பதறிப் போய்த் தாயைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "சனிக்கெழம பெரிய ஆர்டர் போவணும்... ஞாயித்துக்கெழம வாரேன்."

ஆர்டர் ஒரு சாக்கு. அண்ணன் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயம். தான் அடித்த அடியை அவனும் மறந்திருக்கவில்லை. ஆனால் பயம் என்று சொல்ல ஆண்பிள்ளைக்கு வாய் வருமா?

காலையில் பாலத்தடிக்குப் போய் வரும் நேரம் தவிர, ஞானப்பூ வார்டிலேயே இருந்தாள். செல்வின் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆயா வந்தாலும் டாக்டர் வந்தாலும் கண் ஒரு தடவை விரிந்து அடங்கும்.

"வருவானாம்மா?"

"ஞாயித்துக்கெழம வாரேன்னு சொல்லிருக்கான் ராசா."

"அவன் சொன்னா வருவான்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சந்திரமௌலி ஐயா காலுக்கு யாரும்மா கட்டுப் போடுதா?" என்பான்.

"நான் போட்டுட்டுத்தான் வந்தேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பசிக்கிறது என்றான். ஞானப்பூ கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் எடுத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இது இல்லம்மா" என்றான். அவன் கேட்பது பந்தியின் அப்பம் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் அவளால் அதைக் கொடுக்க முடியவில்லை. அவன் கேட்ட சாப்பாட்டின் சாவி பட்டறையில் உட்கார்ந்திருந்தவனிடம் இருந்தது. "ரெண்டே நாளு ராசா... ரெண்டு நாளு பொறுத்துக்கோ!" என்று அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். கதவைப் பார்த்தபடியே செல்வினின் மூச்சு நின்றுவிட்டது.

ஆசீர் ஓடி வந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அவன் போர்வையை விலக்கி, அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"லேய், நான் ஞாயித்துக்கெழமன்னு சொன்னேன்லா! வாரேன்னு சொன்னேன்லா! எந்திரிலே! மன்னிச்சிட்டேன்லே... மன்னிச்சிட்டேன்! கேக்குதா?"

யாருக்குக் கேட்கும்? ஞானப்பூ அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் ஆசீருக்குக் கொஞ்சம் மனம் ஆறியிருக்கும். அந்த மௌனத்தை அவனால் தாங்க முடியவில்லை.

அடக்கத்துக்குச் சபையே வந்தது. விஷயம் தெரிந்த பெண்கள் பிரேமலதாவின் கையைப் பிடித்து, தெரியாமல் பேசிவிட்டோம் என்று அழுதார்கள். ஞானப்பூவைப் பார்த்து, இப்படி ஒரு தாயா என்றார்கள். பழி நீங்கியது. ஆனால் யாருக்கு வேண்டும் அது! பெட்டியை வெயிலுமுத்துவும் பாலத்தடி ஆட்களும் தூக்கினார்கள். சந்திரமௌலி நடக்க முடியாமல் கேட் வரைக்கும் வந்து நின்றுகொண்டார்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. ஞானப்பூ வெள்ளைச் சேலையை எடுக்கவில்லை. வீட்டுச் சேலையோடு பாலத்தடிக்குப் புறப்பட்டாள். பிரேமலதா ஒன்றும் கேட்காமல் கூடவே நடந்தாள். இருவருக்கும் பின்னால், கொஞ்ச தூரம் விட்டு, ஆசீர் வந்தான்.

செல்வின் இல்லாததால் அன்று வேதத்தை ஞானப்பூ வாசித்தாள். குரல் பல இடங்களில் உடைந்தது. வெயிலுமுத்து ரொட்டியைப் பிய்த்துத் தட்டை அவளிடம் நீட்டினார்.

"ஆண்டவர் பொருத்தனைய முடிச்சிட்டாருன்னு நெனச்சுக்கிடுங்கம்மா. செல்வின் அங்க அவர்கூடப் பந்தியில இருக்கான். வாங்கிக்கிடுங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஞானப்பூ துண்டைக் கையில் எடுத்தாள். பொருத்தனை முடியவில்லை, இனி எந்தக் காலத்திலும் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் அவன் முழங்கால் போட வேண்டிய இடம் வெறும் சாக்காகக் கிடந்தது. ரொட்டியை வாய் வரைக்கும் கொண்டுபோனவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பாலத்துத் தூணோரம் ஆசீர் நின்றுகொண்டிருந்தான். தாடி வளர்ந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு, பாலத்தடி ஆட்களில் ஒருவனைப் போலவே இருந்தான்.

"இங்கன வா லே" என்றாள் ஞானப்பூ.

"எனக்கு அருகதை இல்லம்மா." அவன் அங்கேயே நின்று அழுதான். "அவன் கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தானாமே... நான் பட்டறையில உக்காந்து பைக்கு வார் தச்சுக்கிட்டு இருந்தேன்மா! நான் கிட்ட வர மாட்டேன். நீங்க சாப்பிடுங்க. எத்தன வருஷமாச்சு... நீங்களாவது சாப்பிடுங்கம்மா!"

ஞானப்பூவின் கை இறங்கியது.

"ஒரு புள்ளைய வெளிய நிறுத்திட்டு என்னால இத வாயில வைக்க முடியலலே. அன்னைக்கும் முடியல. இன்னைக்கும் முடியல."

ஆசீர் அதிர்ந்து போய் அவளைப் பார்த்தான். பிறகு தடுமாறி நடந்து வந்து, சாக்கில் அண்ணனுக்கென்று கிடந்த அந்த இடத்தில் உட்காரத் துணியாமல், அதற்கு அந்தப் பக்கம் வெறுந்தரையில் முழங்கால் போட்டான். ஞானப்பூ கையிலிருந்த துண்டை இரண்டாகப் பிய்த்தாள். ஒன்றை அவன் வாயில் வைத்தாள். அவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். விழுங்க முடியாமல் திணறினான். பிரேமலதா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

தன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் விழுங்கி முடிக்கட்டும் என்று ஞானப்பூ காத்திருந்தாள்.